மேட்டில் இழுக்காத 1613: இன்ஜின் வேலை பார்ப்பதா, கம்மின்ஸ் ஏற்றுவதா?

உங்கள் வண்டி 2012 மாடல் டாடா 1613 லாரி, டாடாவின் 697 வகை டர்போ இன்ஜின். ஆயில் குடிக்கிறது. சத்தியமங்கலத்திலிருந்து லோடோடு திம்பம் மலைப்பாதை ஏறும்போது இரண்டாம் கியரை விட்டு மேலே வர மறுக்கிறது. மெக்கானிக் முழு இன்ஜின் வேலை, அதாவது இன்ஜினை முழுக்கப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றிப் பூட்டுவது, சொல்கிறார். புரோக்கர் ஒருவரோ, விபத்தில் சிக்கிய 2518-லிருந்து கழற்றிய 180 குதிரைத்திறன் கம்மின்ஸ் இன்ஜினை அதே பணத்துக்கு ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். இரண்டில் எது என்று கேட்கிறீர்கள். சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் இழுவை கூடுமா என்பது இன்னொரு கேள்வி.

கம்மின்ஸை ஏற்றாதீர்கள். இன்ஜின் வேலையையும் இந்த வாரமே ஆரம்பித்துவிட வேண்டாம். இருந்த இழுவை எங்கே போனது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பாதி வண்டிகளில் அது பிஸ்டனில் போயிருக்காது.

முதலில் ஒரு கணக்கு. டாடா வண்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் டன், அடுத்த இரண்டும் பத்தின் மடங்கில் குதிரைத்திறன். 1613 என்றால் 16 டன், 130 குதிரைத்திறன். 2518 என்றால் 25 டன், 180. உங்கள் வண்டி சட்டப்படியான 16.2 டன் எடையோடு, 100 அடிக்கு 6 அடி உயரும் மேட்டில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கியர் பாக்ஸ், கிரவுன் (பின் ஆக்ஸிலில் உள்ள பல்சக்கரம்) வழியாகச் சக்கரத்துக்குப் போவதற்குள் சுமார் 15 சதவீதம் வீணாகும். மீதியை வைத்து, டயர் உருளும் தடையையும் சேர்த்துப் பார்த்தால், நல்ல நிலையில் உள்ள 130 குதிரைத்திறன் இன்ஜின் அந்த மேட்டை மணிக்கு 27 கி.மீ. வேகத்தில் ஏறும். தேய்ந்துபோய் 100 குதிரைத்திறன்தான் தருகிறது என்றால் 21 கி.மீ. 180 குதிரைத்திறன் இருந்தால் 37 கி.மீ.

10 கி.மீ. நீள மேட்டுக்கு இதை நிமிடமாக்கிப் பாருங்கள். தேய்ந்த இன்ஜின் 29 நிமிடம், சரிசெய்த இன்ஜின் 22 நிமிடம், கம்மின்ஸ் 16 நிமிடம். பழைய இழுவையை மீட்டால் 7 நிமிடம் மிச்சம், கம்மின்ஸ் ஏற்றினால் அதற்கு மேல் இன்னொரு 6 நிமிடம். அதுவும் நேர் மேட்டில்தான். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவுக்கு வளைவு முதல் கியருக்கு வந்து, எதிரே இறங்கும் வண்டிக்கு ஒதுங்கி நிற்கிற இடத்தில் அந்த 6 நிமிடமும் முழுதாகக் கிடைக்காது.

இதே கணக்கில் எடையை மட்டும் 22 டன் ஆக்கினால், புத்தம் புது 130 குதிரைத்திறன் இன்ஜினே 20 கி.மீ. வேகத்துக்கு இறங்கிவிடும். தேய்ந்த இன்ஜினுக்கும் ஓவர்லோடுக்கும் மேட்டில் வித்தியாசம் தெரியாது. நீங்கள் எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று எழுதவில்லை. வண்டியோடு சேர்த்து 16 டன்னுக்கு மேல் போவது வழக்கம் என்றால், இன்ஜினைக் குறை சொல்வதற்கு முன் எடை மேடைச் சீட்டைப் பாருங்கள்.

இனி இழுவை எங்கே போனது என்று தேடுவது. காசு குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். ஆக்ஸிலரேட்டரை ஒருவர் முழுக்க மிதிக்கட்டும், டீசல் பம்பின் லீவர் கடைசி ஸ்டாப் வரை போய் முட்டுகிறதா என்று நீங்கள் குனிந்து பாருங்கள். லிங்க் தேய்ந்து, லீவர் முக்கால்வாசிதான் போகும் வண்டிகள் நிறைய. ஏர் ஃபில்டரை ஊதிப் போடாமல் புதிதாக மாற்றுங்கள். டேங்க் அடியில் உள்ள சல்லடை, டீசல் ஃபில்டர், ஃபீட் பம்ப் மூன்றையும் பாருங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். கிளிப் அருகே எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தால் இந்தக் கசிவு தெரியாது, லோடில் மேடு ஏறும்போதுதான் உஸ் என்று சத்தம் வரும். எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அதன் வால்வு பாதி மூடிய நிலையில் துருப்பிடித்து நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். புகை வெளியே போக வழியில்லாத இன்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இழுக்காது.

பிறகு இன்ஜினுக்கு வெளியே. நான்காம் கியரில் மேட்டில் அழுத்தும்போது இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் க்ளட்ச் வழுக்குகிறது. சமதரையில் பிரேக் அதிகம் பிடிக்காமல் சில கி.மீ. ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

இதெல்லாம் சரி என்றால் டீசல் பம்பும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலும். பம்பைக் கழற்றி, டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் நல்ல டீசல் பம்ப் கடையில் கொடுத்து, ஆறு லைனும் ஒரே அளவு டீசல் தள்ளுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு லைன் குறைவாகத் தள்ளினால் நாலு சிலிண்டரை நம்பித்தான் வண்டி மேடு ஏறும். நாசில் திறக்கும் அழுத்தம் இறங்கியிருந்தாலும் இதே கதை: டீசல் தூறலாக விழாமல் ஒழுகும், எரியாமல் கரும்புகையாகும்.

புகையின் நிறத்தையும் கவனியுங்கள். கருப்பு என்றால் காற்று குறைவு, அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் டைமிங், நாசில், அல்லது தண்ணீர் உள்ளே இறங்குவது. ஆயில் குடிப்பதாகச் சொல்கிறீர்கள், ஆனால் அதை மட்டும் வைத்துப் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று தீர்மானிக்க முடியாது. டர்போ சீல் போனாலும், வால்வ் கைடு தேய்ந்தாலும் ஆயில் குறையும். டர்போவின் காற்றுப் பக்கக் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள், விசிறியை விரலால் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அழுத்தத்தோடு வந்தால், அது ரிங்கும் லைனரும் (சிலிண்டரின் உள் உறை) விட்ட காற்று. கடைசியாகக் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஆறும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் அது வயதின் தேய்மானம். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்தச் சிலிண்டரின் வால்வோ, கேஸ்கெட்டோ, ரிங்கோதான், ஹெட்டை இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்காக முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டியதில்லை.

இத்தனையும் பார்த்த பிறகும் இன்ஜின்தான் தேய்ந்திருக்கிறது என்றால், அடுத்ததாகத்தான் வேலையா மாற்றா என்ற கேள்வி வருகிறது.

கம்மின்ஸ் நல்ல இன்ஜின், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரித்த அந்த 5.9 லிட்டர் 6பி.டி. வரிசையைப் போல உழைத்த லாரி இன்ஜின்கள் நம் சாலைகளில் குறைவு. ஆனால் அளவில் அது உங்கள் 697-ஐ விடப் பெரிதாக ஒன்றும் இல்லை. 697 இன்ஜின் 97 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 128 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 5.67 லிட்டர். 6பி.டி. 102-க்கு 120, 5.88 லிட்டர். அந்த 50 குதிரைத்திறன் கூடுதல், கொள்ளளவிலிருந்து வரவில்லை. அதிகக் காற்றும் அதிக டீசலும் கொடுத்து, அதைத் தாங்கும்படி பிஸ்டன், டர்போ, இன்டர்கூலர், ரேடியேட்டர், க்ளட்ச், கியர் பாக்ஸ், ஹவுசிங் என்று மொத்த வண்டியையும் அந்த அளவுக்கு அமைத்ததால் வந்தது. உங்களுக்கு விலை சொல்பவர் இன்ஜினை மட்டும்தான் தருகிறார்.

ஒரே 2,400 சுற்றில் கணக்கிட்டால் 130 குதிரைத்திறன் என்பது 380 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை, 180 என்பது 527. முதல் கியரில் இது சுமார் 7 மடங்காகி ப்ரொப்பல்லர் ஷாஃப்டுக்குப் போகிறது. அதாவது 1613-க்கென்று செய்த ஷாஃப்ட், யு.ஜே. கிராஸ், கிரவுன் பினியன், ஆக்ஸில் எல்லாம் முன்பைவிட 1,000 நியூட்டன் மீட்டர் அதிகமாகத் தாங்க வேண்டும், அதுவும் வளைவில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும். க்ளட்ச் முதலில் போகும். அதைப் பெரிதாக்கினால் கியர் பாக்ஸ். அதையும் மாற்றினால் கிரவுன். பழைய ரேடியேட்டரோ கூடுதல் சூட்டை இறக்க முடியாமல் மேட்டின் பாதியிலேயே கொதிக்கும். சம்ப் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) முன் ஆக்ஸிலில் இடிக்கிறதா, இன்ஜின் மவுண்டுக்குக் கிராஸ் மெம்பரில் எங்கே துளை போடுவது, ஏர் கம்ப்ரஷர் லைன், ஸ்டீயரிங் பம்ப், ஷாஃப்ட் நீளம் என்று ஒவ்வொன்றாகச் செலவு கிளம்பும். சேஸில் கண்ட இடத்தில் வெல்டிங் வைத்துத் துளை போடுவதை நான் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரேக்கும் பழைய 16 டன் பிரேக்தான் என்பதை மறக்காதீர்கள். இழுக்கிறது என்று தெரிந்தால் யாராவது ஏற்றத்தான் செய்வார்கள், ஏறிய மேட்டை அந்த எடையோடு இறங்கவும் வேண்டும்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுகிறபடி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண் ஒன்று, வண்டியில் இருப்பது வேறு என்றால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று சோதனையில் நிற்கும். விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் அந்த எண்ணைத்தான். ஒரே தயாரிப்பு, ஒரே வகை இன்ஜினை மாற்றுவது வேறு விஷயம். அதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, பில்லோடு ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது. புரோக்கர் ‘ஆர்.சி.யை நான் பார்த்துக்கிறேன்’ என்று சொன்னால் அதை எழுதிக் கேளுங்கள், தர மாட்டார்.

சிலர் உங்களிடம் மூன்றாவது வழி ஒன்றைச் சொல்லியிருப்பார்கள்: பம்பில் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டிவிடலாம் என்று. கூட்டினால் ஒரு வாரம் நன்றாகத்தான் இழுக்கும். டீசல் முழுதாக எரிய ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட 14.5 கிலோ காற்று வேண்டும், புகையில்லாமல் எரிய அதைவிடக் கணிசமாக அதிகம் வேண்டும். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் கரும்புகையும் சூடும்தான் மிச்சம். டர்போவுக்கு முன் புகையின் சூடு 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீண்ட நேரம் நின்றால் அலுமினியப் பிஸ்டனின் தலையில் வெடிப்பு விடும், டர்போவும் கூடவே போகும். நீள மேடுதான் இந்தச் சூடு இறங்காமல் நிற்கும் இடம். கம்பெனி வைத்த அளவுக்கு மேல் ஒரு சுற்றுகூடத் திருக விடாதீர்கள்.

ஆகவே தேய்ந்தது உறுதியானால் என் தேர்வு உங்கள் 697-க்கே முழு வேலை. ஆனால் ‘முழு வேலை’ என்று எல்லாரும் சொல்வது ஒரே வேலை இல்லை. ரிங், பேரிங் மட்டும் மாற்றிப் பூட்டிக் கொடுப்பதும் அந்தப் பெயரில்தான் பில்லாகிறது. போர் முட்டை வடிவில் தேய்ந்திருக்கும்போது புது ரிங் போட்டால் சில மாதத்தில் பழையபடி ஆயில் குடிக்கும். அதனால் எதை அளந்தார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு போரையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். கிராங்கில் பேரிங் உட்காரும் ஜர்னல்கள் வட்டமாக இருக்கின்றனவா, கிரைண்டிங் போட்டால் எந்த அண்டர்சைஸுக்கு வரும், அதற்கு மேல் இன்னொரு கிரைண்டிங் மிச்சமிருக்கிறதா என்று தெரிய வேண்டும். பிளாக்கின் மேல்தளமும் ஹெட்டும் மட்டமாக இருக்கின்றனவா? ஹெட்டைத் தண்ணீர் அழுத்தத்தில் வைத்து விரிசல் பார்த்தார்களா? கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறதா? ஹோனிங் போட்ட பிறகு போரில் குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும், அவைதான் ஆயிலைப் பிடித்து வைக்கும். பிஸ்டன், லைனர், ரிங், பேரிங் எல்லாம் நல்ல கம்பெனிச் சரக்காக, பெட்டி உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். பழைய பாகங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பேரிங் அதிகம் தேய்ந்திருக்கிறது என்பது, ஆயில் எங்கே சரியாகப் போகவில்லை என்று காட்டலாம்.

வாட்டர் பம்ப், ஆயில் பம்ப், ஆயில் கூலர், டர்போ, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் கோர் இவற்றை ‘ஓடுது, விடுங்க’ என்று பழையபடி பூட்டிவிடுவது பணத்தை வீணாக்கும் வழி. ஆயில் பம்ப் தேய்ந்த நிலையில் பூட்டிய புதுப் பேரிங்குக்கு ஆயுள் கிடையாது. அடைத்த ரேடியேட்டர் புது ஹெட் கேஸ்கெட்டை முதல் வெயில் காலத்திலேயே எரித்துவிடும்.

ஓவர்சைஸ் பிஸ்டன் பற்றிக் கேட்டீர்கள். 97 மி.மீ. போரை அரை மி.மீ. பெரிதாக்கினால் மொத்தக் கொள்ளளவு 60 சி.சி. போலத்தான் கூடும், 1 சதவீதம். உள்ளே போகும் காற்றை டர்போவும் டீசலைப் பம்பும் முடிவு செய்கின்றன, அவை மாறவில்லை. எனவே இழுவையில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஓவர்சைஸ் என்பது தேய்ந்த போரைக் காப்பாற்ற மட்டுமே.

இன்ஜினையே மாற்றுவது சரியாக இருக்கும் நிலைகள் சில உண்டு. ராடு பிளாக்கை உடைத்து வெளியே வந்திருந்தால், தண்ணீர் ஜாக்கெட்டில் விரிசல் ஓடியிருந்தால், மெயின் பேரிங் சுற்றி அதன் இருக்கை கெட்டிருந்தால், கிராங்க் உடைந்திருந்தால், பழையதில் பணம் போட வேண்டாம். அப்போது உங்கள் மாடலுக்கு உரிய 697 இன்ஜினையே தேடுங்கள். பழைய இன்ஜினைக் கொடுத்து, கம்பெனி புதுப்பித்த இன்ஜினை எடுக்கும் வழி டாடாவிலேயே புரோலைஃப் என்ற பெயரில் இருக்கிறது. உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று டீலரிடம் கேட்டு, விலையை முழு வேலையின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாரண்டி இருப்பதும், வண்டி சில வாரம் நிற்பதற்குப் பதில் சில நாளில் சாலைக்கு வருவதும் வாடகைக்கு ஓட்டுபவருக்குப் பணம்தான்.

விபத்து வண்டியின் இன்ஜின் என்றால், அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த ஆர்.சி. ரத்தானதா, கடன் பாக்கி உண்டா என்ற தாள்கள் இல்லாமல் தொடாதீர்கள். குளிர்ந்த நிலையில் முதல் ஸ்டார்ட் உங்கள் எதிரில் போடச் சொல்லுங்கள், சூடான பிறகு ஐடிலில் ஆயில் பிரஷர் பாருங்கள். ஓட்டிக் காட்ட முடியாத, தரையில் கிடக்கும் இன்ஜினை எப்படியும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். பிரித்த பிறகு அதற்கும் ஒரு முழு வேலைச் செலவு வந்தால் என்ன மிச்சம்?

உண்மையிலேயே உங்கள் தொழிலுக்கு 180 குதிரைத்திறன் வேண்டுமென்றால், வாரத்துக்கு நாலு தடவை முழு லோடோடு திம்பம் மேட்டில் ஏறுகிறீர்கள் என்றால், இந்த வண்டியை விற்றுவிட்டு அதற்கேற்ற வண்டியை வாங்குங்கள். 2018-இல் இரண்டு அச்சு லாரிக்கான மொத்த எடை அளவு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்த பிறகு வந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் அதற்கேற்ற இன்ஜினும் பிரேக்கும் உண்டு. கம்மின்ஸ் ஏற்ற ஆகும் மொத்தச் செலவையும், வண்டி நிற்கும் நாட்களின் வாடகை இழப்பையும் கூட்டி, அதை முன்பணமாக வைத்துப் பாருங்கள். உங்கள் வண்டி 15 வயதை நெருங்குகிறது, அதற்குப் பிறகு எஃப்.சி. கட்டணமும் ஏறும், மறுவிற்பனை விலையும் இறங்கும். இரண்டு வருடத்துக்குள் விற்கும் எண்ணம் இருந்தால், முழு வேலையும் வேண்டாம் என்பேன். பம்ப், நாசில், டர்போ, ஹோஸ் இவற்றை மட்டும் சரிசெய்து ஓட்டி விற்பது மேல். நாலைந்து வருடம் வைத்து ஓட்டுவதாக இருந்தால் முழு வேலைக்குப் போட்ட பணம் திரும்பும்.

வேலை முடிந்து வண்டி வந்ததும், ரன்னிங் இன் என்று மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிடாதீர்கள். லேசான சுமையில் ரிங் போரோடு படியாமல் சுவர் கண்ணாடிபோல் மினுங்கிப் போய்விடும், பிறகு ஆயில் குடிப்பது நிற்கவே நிற்காது. ஆயில் பிரஷரும் சூடும் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பாதி லோடு ஏற்றி, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். முழு லோடோடு நீள மேட்டுக்கு முதல் சில டிரிப் கொண்டுபோக வேண்டாம். முதல் ஆயிலையும் ஃபில்டரையும் வழக்கமான கெடுவுக்குக் காத்திராமல் சீக்கிரமே மாற்றி, இறக்கிய ஆயிலில் உலோகத் துகள் மினுங்குகிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். அப்போதே வால்வ் இடைவெளியையும் ஒரு முறை வைத்துவிடச் சொல்லுங்கள், புது ஹெட் கேஸ்கெட் படிந்த பிறகு அது மாறியிருக்கும்.